கடைசிப் படக்காரரின் சுற்றுலா

“பங்கேற்பாளர் எண் ஏழு: மூத்த உருவப்படக் கலைஞர். அரசுத் துறையில் முப்பத்தொரு ஆண்டு அனுபவம். மனித முகங்களில் தனித் தேர்ச்சி பெற்றவர். எல்லாத் தரப்பு மக்களோடும் பழகியவர். கலகலப்பானவர். வண்ணங்களைத் தேடி வருகிறார்.”

சுற்றுலா நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த கையேட்டின் நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது. கலகலப்பையும் வண்ணத்தையும் கழித்துவிட்டால் இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் அரசு மருத்துவமனைப் பிணவறையில் முப்பத்தொரு வருடம் படம் எடுத்தவர். அடையாளம் தெரியாத உடல்களை மட்டும். முகங்களில் தேர்ச்சி உண்டு, அந்த முகங்கள் அசைந்ததில்லை. எல்லாத் தரப்பு மக்களோடும் பழகியதும் உண்மைதான். வக்கீல், பிச்சைக்காரர், லாரி டிரைவர், வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய மருமகள் என்று எல்லோரும் அந்த ஒரே மேசைக்கு வந்தவர்கள். பழக்கம் ஒருதலையானது, அவ்வளவுதான்.

மேசைக்கு மேலே ஒரு குழல்விளக்கு, பின்னால் பச்சை பெயின்ட் அடித்த சுவர், எண் எழுத ஒரு சிலேட்டு. வேலை இருபது நிமிடம். ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பார். தலையை வாருவார். வாய் திறந்திருந்தால் தாடைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைப்பார். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பிறகு மச்சம், தழும்பு, உடைந்த பல் என அடையாளம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. படத்தைப் பார்த்ததும் பெற்றவள் ‘ஐயோ’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் படம் தேறியது. அவருக்கு முன்னால் இருந்தவர் எடுத்த படங்களில் பத்துக்கு இரண்டு முகம் வீடு போய்ச் சேர்ந்தது. இவர் படங்களில் பத்துக்கு ஏழு.

பிணவறைச் சாவி யாரிடம் இருந்ததோ அந்தச் சாவிக்காரர்தான் இவருக்குக் ‘கடைசிப் படம்’ என்று பெயர் வைத்தார். “நீ எடுத்தப்புறம் அந்த ஆளை வேற யாரு எடுக்கப் போறா?” என்பது அவர் தரப்பு விளக்கம். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியல் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் கடைசிப் படக்காரர்தான்.

உயிரோடிருப்பவர்களை அவர் எடுப்பதில்லை. அதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், பிணவறைக்குப் புதிதாக வந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் விண்ணப்பத்தில் ஒட்ட ஒரு படம் கேட்டார். அதே பச்சைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். பதினாறாம் நாள் அதே ஆளை அதே சுவருக்கு முன்னால், இந்தமுறை படுக்கவைத்து, எடுக்க வேண்டியதாயிற்று. லாரி. அன்றோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், “எனக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது” என்பார். உண்மையிலேயே கிடையாது. நல்ல நேரம் பார்க்காதவர், ராசிபலன் படிக்காதவர், அப்படிப் படிப்பவர்களைக் கிண்டல் செய்பவர். தனக்குத் துளியும் நம்பிக்கையில்லாத ஒரு விஷயத்துக்கு இருபத்தொன்பது வருடம் பிசகாமல் கட்டுப்பட்டு நடந்தார்.

அதன் பலன் வீட்டுச் சுவரில் தொங்கியது. மனைவி இறந்தபோது மாட்டுவதற்கு ஒரு படம் இல்லை. பஸ் பாஸில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். மூக்கு எது, வாய் எது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இடது கன்னத்தில் போக்குவரத்துக் கழக முத்திரை பாதி நிலாவாக விழுந்திருந்தது.

“ஊர்ல இருக்குற அனாதைக்கெல்லாம் நல்ல படம் இருக்கு. எங்கம்மாவுக்கு இல்ல” என்றாள் மகள். அவள் பள்ளிக்கூட வாத்தியார். சத்தம் போடாமல் திட்டுவது தொழிலிலேயே வந்த பயிற்சி.

அவர் ஓய்வு பெற்ற மாதம் அவள்தான் அந்தச் சுற்றுலாவில் பெயர் கொடுத்தாள். பன்னிரண்டு நாள், பன்னிரண்டு பேர், ஒரு புகைப்பட ஆசிரியர், ‘நிறங்களின் நாட்டில் உயிர்த்துடிப்பைத் தேடி.’ கையேட்டுக்கான விவரங்களை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

“எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

“ஒரே ஒரு ஆளுப்பா. நடக்குற, பேசுற, கொட்டாவி விடுற ஒரு ஆளு. யாரா இருந்தாலும் சரி. ஒரு முகத்த எடுத்துட்டு வாங்க.”

“எடுத்துட்டு வந்தா?”

“அடுத்தது என்னைய எடுக்கணும். எனக்கும் நீங்க எடுத்த படம் ஒண்ணு வேணும். சாவுறதுக்கு முன்னாடி.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எனக்கு முப்பத்தெட்டு ஆகுது, காத்துக்கிட்டே இருக்க முடியாது” என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

போய் இறங்கிய இடத்தில் நிறத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டுக் கதவுகள் ஒரு நிறம், சுவர்கள் ஒரு நிறம், காய்கறிக் கடையின் மேல்துணி இன்னொரு நிறம். குழல்விளக்கிலேயே காலம் தள்ளிய கண்ணுக்கு முதல் நாள் தலைவலி வந்தது. இரண்டாம் நாளும் வந்தது.

ஆசிரியரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். கழுத்தில் துண்டு மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மண்டி போட்டும் மல்லாந்தும் படம் எடுக்கும் மனிதர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தினமும் காலையில் வேன் ஏறியதும் ஓதுவார்.

“முகம் வேண்டாம். முகத்தக் காட்டினா அது பாஸ்போர்ட். முகத்த மறைச்சா அது கலை. முதுகு எடுங்க. கை எடுங்க. நிழல் எடுங்க. பாக்குறவன் முகத்தத் தேடணும்.”

அப்படி முகத்தைத் தேடி வருகிறவர்களைப் படக்காரர் தொழில்முறையில் நிறையப் பார்த்திருந்தார்.

குழுவில் ஒரு பல் டாக்டர் அம்மாள் இருந்தார். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்ததால் ‘பீரங்கி’ என்று பெயர் வாங்கிய ஒரு முன்னாள் வங்கி மேலாளர் இருந்தார். மற்றவர்களும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். நல்ல மனிதர்கள், நல்ல காலணி. படக்காரருக்கு எங்கே இடறியதென்றால், விரல் இடறியது. கேமராவைத் தூக்குவார், பார்ப்பார், வெளிச்சம் சரி, தூரம் சரி, விரல் மட்டும் இறங்காது. பூக்காரி சிரித்தாள், இறங்கவில்லை. வண்டிக்காரர் கைகாட்டினார்; இறங்கவில்லை.

“என்ன சார், பிலிம் மிச்சம் பண்றீங்களா?” என்றார் பீரங்கி.

“அவர் சரியான நொடிக்குக் காத்திருக்கார். அதுதான் சார் மூத்த கலைஞர்ங்கிறது” என்றார் மாஸ்டர். குழு அவரை மரியாதையோடு பார்த்தது. ஒன்றும் செய்யாமலிருந்து மரியாதை சம்பாதிப்பது அரசுத் துறையில் சாத்தியம் என்று அவருக்குத் தெரியும். கலையிலும் முடியும் என்பது புதுச் செய்தி.

சாயங்காலம் மகள் போனில் கேட்பாள். “இன்னைக்கு?”

“இல்லம்மா.”

“சரி, நாளைக்கு.”

மூன்றாம் நாள் நூல் சந்தைக்குப் போனார்கள். சாயப்பட்டறைகளிலிருந்து வந்த நூல் சிட்டங்கள் மூங்கில் கம்புகளில் வரிசையாகக் காய்ந்தன. நீலம் ஒரு தெரு, மஞ்சள் ஒரு தெரு. சுமைக்காரர்கள் சிட்டக்கட்டுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அங்கே எல்லோர் தோலிலும் நிறம் இருந்தது. முழங்கை வரைக்கும் ஊதா, காதுமடலில் பச்சை, நகக்கண்ணில் கறுப்பு. குழுவுக்குக் கை பரபரத்தது. ஒரு சுமைக்காரரைப் பிடித்து, மஞ்சள் கட்டோடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பதினேழு முறை ஓடவிட்டார்கள். டிரைவர் நடுவில் நின்று உள்ளூர் மொழியில் அவருக்கு எடுத்துச் சொன்னார். பதினெட்டாம் முறை அந்த ஆள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, “போதும் சார், நெஞ்சு அடைக்குது” என்றார். நம் மொழியில்.

எல்லோரும் சிரித்தார்கள். நம்ம ஊர் ஆளா! சந்தையில் அவரைப் ‘புதுசு’ என்று அர்த்தம் வரும்படி உள்ளூர் மொழியில் கூப்பிட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காகிதம் எதுவும் இல்லாமல் வந்தவர், கிடங்கிலேயே படுக்கை, கூட வந்த இரண்டு பேரும் எப்போதோ திரும்பிவிட்டார்கள்.

மற்றவர்கள் நீலத் தெருவுக்கு நகர்ந்தபின் புதுசு படக்காரரிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு பழைய தழும்பு.

“சார், நீங்க ஒண்ணும் எடுக்கலயே.”

“இல்ல.”

“அப்ப என்னைய ஒண்ணு எடுங்க சார். அவங்க எடுத்ததுல நான் இருக்க மாட்டேன், மூட்டைதான் இருக்கும். அக்காவுக்கு அனுப்பணும். ஆறு வருசமா போட்டோ அனுப்புடா, போட்டோ அனுப்புடான்னு கேக்குது.”

பதிலுக்குக் காத்திராமல் அவர் குழாயடிக்குப் போய்க் கையை நனைத்துத் தலையை வாரிக்கொண்டார். வகிடு வலப்பக்கம். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டார். ஒரு வெறும் சுவராகப் பார்த்து, அதன் முன்னால், தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றார்.

“சிரிக்கவா, வேண்டாமா?”

“உங்க இஷ்டம்.”

சிரித்தார். பிறகு அது சரியில்லை என்று நிறுத்தினார். பிறகு பாதி சிரித்தார். படக்காரர் கேமராவுக்குள் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தார். மதிய வெயில் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, முகத்தில் ஒரு நிழல்கூட இல்லாமல் விழுந்திருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அவருக்கு வாய்த்ததில்லை.

“வெளிச்சம் சரியில்ல” என்று கேமராவை இறக்கினார். “நாளைக்குக் காலையில மறுபடி வர்றோம். அப்ப எடுக்கிறேன்.”

“சரிங்க சார். அதுவும் நல்லதுதான். சட்டை மாத்திக்கிட்டு வர்றேன்.”

பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்பது சரியாகாது, கேட்டுப் பழக்கமில்லை. அவர் தொழிலில் முகம் முதலில் வரும், பெயர் பின்னால் யாராவது அழுதுகொண்டே கொண்டுவருவார்கள்.

அன்று சாயங்காலம் மகளிடம், “நாளைக்கு ஒருத்தரை எடுக்கிறதா இருக்கேன்” என்றார். மறுமுனையில் அவள் மூச்சு நின்று வந்தது அவருக்குக் கேட்டது. “யாருப்பா?”

“ஒரு ஆளு. கேட்டாரு.”

“கேட்டாங்களா! அப்ப எடுத்துடுங்க.”

நான்காம் நாள், வெயில் தாழ்வாக விழும் நேரம் நழுவிவிடக் கூடாது என்று ஆறு மணிக்கே சந்தைக்குள் இருந்தார்கள். கடைகள் திறக்கவில்லை. அந்த வெறும் சுவரின் அடியில், முந்தின நாள் இறக்கிப் போட்ட நீலமும் மஞ்சளுமான சிட்டக் குவியல்மேல், ஒரு ஆள் சாய்ந்து படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை. ஒரு கை தொங்கியது. குவியலின் மேல்விளிம்பில் மட்டும் சூரியன் பட்டிருந்தது.

“யாரும் எழுப்பாதீங்க” என்று கிசுகிசுத்தார் மாஸ்டர். “இதுக்குத்தான் வந்தோம்.”

பதினொரு கேமராவும் வேலை செய்தன. பீரங்கி குப்புறப் படுத்து எடுத்தார். “உழைப்பாளியோட ஓய்வு” என்று யாரோ தலைப்பு வைத்தார்கள். “அந்தக் கை, அந்தக் கைய மட்டும் பாருங்க” என்றார் இன்னொருவர்.

படக்காரர் கையைப் பார்க்கவில்லை. காதுக்குக் கீழே, கழுத்தின் அடிப்பக்கத்தில் படர்ந்திருந்த கருநீலத்தைப் பார்த்தார். சந்தையில் யார் கழுத்தில்தான் நிறமில்லை? ஆனால் சாயம் மேலிருந்து வழியும். இது உள்ளிருந்து கீழே தங்கியது. கண்ணோரத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதை யாரும் விரட்டவில்லை.

அவர் எல்லோருடைய படத்துக்கும் குறுக்கே நடந்து போனார்.

“சார்! சார், ஃபிரேம்ல வர்றீங்க!”

மண்டியிட்டுப் புறங்கையைக் கழுத்தில் வைத்தார். தாடை இறுகத் தொடங்கியிருந்தது. இரண்டு, இரண்டரை மணி நேரம் இருக்கும். விடியும் முன்பே எழுந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சொன்ன இடத்தில் காத்திருந்திருக்கிறார் மனிதர். சட்டையில் மடிப்பு கலையவில்லை. ஒரு பொட்டுச் சாயம் இல்லை.

“இவர் இறந்துட்டாரு” என்றார் படக்காரர். அந்த வாக்கியத்தை அவர் அதுவரை யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை. அவரிடம் வந்து சேரும்போது அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு கேமரா இன்னும் இரண்டு முறை சொடுக்கிவிட்டு நின்றது.

எடுத்தால் செத்துப்போவார்கள் என்று பயந்து இருபத்தொன்பது வருடம் எடுக்காமலிருந்தவர் அவர். எடுக்காவிட்டாலும் செத்துப்போவார்கள் என்ற எளிய விஷயம், நன்றாகப் படித்த அந்த மனிதருக்கு அப்போதுதான், மண்டியிட்ட நிலையில், விளங்கியது.

போலீஸ் வந்தது. சந்தை மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்து, நிமிர்ந்து, ஏதோ சொன்னார்.

“முன்னப் பின்னப் பார்த்ததே இல்லன்னு சொல்றார்” என்றார் டிரைவர்.

“நேத்து இவர் எதிர்லதானே அந்தாளு மூட்டை தூக்கி ஓடினாரு!” என்றார் பீரங்கி.

“சொன்னேன் சார். காகிதம் இல்லாத ஆளை வேலைக்கு வெச்சான்னு தெரிஞ்சா இவன் உள்ள போகணும். எப்படி ஒத்துப்பான்?”

சட்டைப் பையில் ஒரு சீப்பு மட்டும் இருந்தது. கிடங்கில் இருந்த அவருடைய பை, போலீஸ் போய்ப் பார்ப்பதற்குள் அங்கே இல்லை. ஏழு நாள் பார்ப்பார்கள், யாரும் வராவிட்டால் எண் போட்டுப் புதைத்துவிடுவார்கள், இதுதான் இங்கே விதி என்றார் டிரைவர். படக்காரருக்கு அந்த விதி புதிதல்ல. அவர் ஊரிலும் அதே ஏழு நாள்தான்.

மதியம் விடுதிச் சாப்பாட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்து அவர் கேட்டார். குழுவினர் அவர் இத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசிக் கேட்டது அதுதான் முதல்முறை.

“நேத்து அவரப் பதினேழு தடவ ஓடவிட்டீங்க. நீங்க எல்லாரும் எடுத்தீங்க. யார்கிட்டயாவது முகம் இருக்கா?”

தேடினார்கள். பீரங்கியிடம் மட்டும் இருநூற்றுப் பதினான்கு படம். முதுகு. கால். மஞ்சள் கட்டு. மஞ்சள் கட்டின் நிழல். வேகத்தைக் காட்டக் கலங்கடித்த ஒரு மஞ்சள் கோடு. எல்லாமே அழகு. எல்லோரிடமும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் படங்களில் அந்த மனிதர் உயிரோடு ஓடினார், ஒன்றில்கூட அவர் யார் என்று தெரியவில்லை. மாஸ்டர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

“என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றார் பல் டாக்டர். கலங்கிய படம், கண்ணும் மூக்கும் கரைந்துபோய், திறந்த வாய் மட்டும் தெளிவாக இருந்தது. “இடது மேல் கோரைப்பல்லு பாதி உடஞ்சிருக்கு. பழைய உடைப்பு.” வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. “நான் பல்லத்தான் பாத்திருக்கேன், பாருங்களேன்.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “சார், ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா நாளைக்கு ஏரிக்கு வேன் சொல்லியாச்சு. நாம என்ன பண்ண முடியும்?”

“நீங்க போங்க” என்றார் படக்காரர்.

“இன்னொண்ணு... காலையில எடுத்த படங்கள். போட்டிக்கு அனுப்பலாமா, கூடாதான்னு சிலர் கேக்கிறாங்க.”

படக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அங்கேயே தன் படங்களை அழிக்க ஆரம்பித்தார். பீரங்கி, “நான் யோசிக்கணும்” என்றார். யோசிக்கிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

டிரைவரைக் கூட்டிக்கொண்டு படக்காரர் அந்த ஊர் மருத்துவமனைக்குப் போனார். பிணவறையின் வாசலில் நின்ற காவலர் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். வாய் பிளந்து, கண் செருகி, நீலக் கறையோடு. பெற்றவளே பார்த்தாலும் தாண்டிப் போய்விடுவாள்.

“இத வெச்சுத்தான் தேடுவாங்களா?”

“இத வெச்சுத்தான்” என்றார் டிரைவர்.

அனுமதி வாங்க இரண்டு மணி நேரம் ஆனது. தன் தொழில் என்ன என்று டிரைவர் மூலம் சொன்னபோது உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சுற்றுலா தொடங்கி, கையேடு இல்லாமல் அவர் யாரென்று புரிந்துகொண்ட முதல் இடம் அது.

அங்கேயும் குழல்விளக்குதான். ஈரத்துணி கேட்டார், கொடுத்தார்கள். நெற்றியில் இருந்த மஞ்சள் போனது. காதுமடல் ஊதா போகவில்லை. இறுகிய தாடையை மெல்ல மெல்ல நீவிச் சேர்த்தார். இறந்தவர் எப்படி இருந்திருப்பார் என்று முப்பத்தொரு வருடமும் அவர் ஊகித்தே வேலை செய்தவர். வகிடு எந்தப் பக்கம், முகவாய் எவ்வளவு உயரம், உதடு இறுக்கமா, தளர்வா எல்லாம் உத்தேசம். இந்த ஒரு முகத்தை மட்டும் அவர் உயிரோடு பார்த்திருந்தார், கேமராவுக்குள், முழுசாக. சட்டைப் பையிலிருந்த சீப்பை வாங்கி வகிட்டை வலப்பக்கம் எடுத்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டார். தாடையைக் கொஞ்சம் தூக்கிவைத்தார்.

விரல் தடையில்லாமல் இறங்கியது. நேராக ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. புருவத் தழும்பு. கோரைப்பல். கைகள். எல்லாமாகப் பதினொன்று.

படங்களைச் சாவிக்காரருக்கு அனுப்பினார். அவர் இன்னும் வேலையில் இருந்தார்.

“ரிட்டயர் ஆகியும் விட மாட்டேங்கிறியே” என்றார் சாவிக்காரர். பிறகு படத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், குரல் மாறியது. “என்னப்பா இது, எழுந்து பேசிடுவான் போல இருக்கு. எப்பவும் இப்படி எடுக்க மாட்டியே.”

“என் நம்பரையும் போட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா அனுப்பு. சுமைக்காரங்க சங்கம், பஸ் ஸ்டாண்டு, ஒண்ணு விடாத. ஒரு அக்கா இருக்காங்க. ஆறு நாள்தான் இருக்கு.”

சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னார். வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

“அவங்க அக்கா கிடைக்கிற வரைக்கும் அங்கேயே இருங்கப்பா” என்றாள்.

குழு ஏரிக்குப் போனது, மலைக்குப் போனது, வண்ணக் கதவுகள் உள்ள இன்னொரு ஊருக்குப் போனது. அவர் தினமும் காலையில் பிணவறைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே இருந்தவர்கள் தேநீர் கொடுத்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் பேச்சு ஓடியது. உடல் வந்தால் ஒரு விரல், உறவினர் வந்தால் இரண்டு விரல். ஐந்தாம் நாள் இல்லை. ஆறாம் நாள் இல்லை. ஏழாம் நாள் இரண்டு தவறான அழைப்புகள், ஒரு தாய், ஒரு மனைவி, இருவரும் வேறு ஆளைத் தேடுகிறவர்கள். இல்லை என்றானதும் இருவருமே நன்றி சொன்னார்கள்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் பேசினாள்.

“போட்டோ அனுப்பினது நீங்களா?”

“ஆமாம்மா.”

“அது என் தம்பி.”

பெயரைச் சொன்னாள். அவர் இரண்டு முறை கேட்டு, எழுத்துக் கூட்டி, கையில் இருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டார். அவள் அழுது முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுகை அவருக்குப் பழக்கம். எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

“தூங்குற மாதிரியே இருக்கான் சார். தாடைய இப்படித்தான் தூக்கி வெச்சுக்குவான், சின்ன வயசுலேருந்து. பெரிய துரைன்னு திட்டுவோம்.”

“ம்.”

“எங்களால அங்க வர முடியாது சார். கூட்டிட்டு வரவும் வழியில்ல. நீங்களே நின்னு... பேரு போட்டு...”

“நான் நிக்கிறேம்மா.”

அவள் போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தார். வைக்கவில்லை.

“சார், ஒண்ணு கேக்கணும். அவன் நல்ல சட்டையே போட மாட்டான். சாயம் பட்டுடும்னு பெட்டியிலயே வெச்சிருப்பான். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு எங்க கிளம்பினான்?”

முப்பத்தொரு வருடத்தில் எந்த உறவினரும் அவரிடம் கேள்வி கேட்டதில்லை. கேள்விகள் டாக்டருக்கும் போலீசுக்கும் போகும். படக்காரரைத் தாண்டிப் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

“போட்டோ எடுத்துக்கத்தாம்மா. உங்களுக்கு அனுப்பணும்னு சொன்னாரு.”

“யாரு எடுக்கிறதா இருந்தது?”

“நான்தான். முந்தின நாளே கேட்டாரு. தலையெல்லாம் வாரிக்கிட்டு வந்து நின்னாரு. வெளிச்சம் சரியில்ல, நாளைக்கு எடுக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

“வெளிச்சம் சரியில்லையா?”

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அது தாண்டிப் போகும் வரை அவர் பேசவில்லை.

“நல்லாத்தாம்மா இருந்துச்சு” என்றார்.

அவள் கேட்டாள். “அப்ப உசுரோட இருக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லையா சார்?”

“இல்லம்மா.”

அன்று சாயங்காலமே அடக்கம் ஆனது. படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். தெரிந்தவர் என்று எழுதச் சொன்னார். பெயர்ப் பலகை வைத்தார்கள். எழுத்துப் பிழை வராமல் கூடவே நின்று பார்த்துக்கொண்டார். பல் டாக்டர் மட்டும் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து, கொஞ்சம் தள்ளி, கேமரா இல்லாமல் நின்றார்.

ஊர் திரும்பிய அன்று ரயிலடிக்கு மகள் வந்திருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் அவராகவே சொன்னார், அந்த வெளிச்சத்தையும் சேர்த்து. அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். வகுப்பில் பொய்யை ஒப்புக்கொண்ட பிள்ளையை வாத்தியார் பார்ப்பதுபோல, தண்டிக்கவும் முடியாமல் மெச்சவும் முடியாமல்.

“கை கழுவிட்டு வாங்கப்பா, சாப்பிடலாம்” என்றாள். தன்னை எடுக்கச் சொல்லி அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் சுற்றுலாவில் அவர் எடுத்த படங்கள் பதினொன்று. பதினொன்றும் ஒரே ஆளை, அந்த ஆள் இறந்த பிறகு. இறப்பதற்கு முந்தின நாள், நல்ல வெளிச்சத்தில், அந்த ஆள் வாய்விட்டுக் கேட்டார், இவர் எடுக்கவில்லை.